ஜூலியட்டின் ஒருசந்தி

சவரியம்மா வாயைத் திறந்தால் ஊரில் யாராவது ஒருவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்னஸின் முறை.

பூசை முடிந்து, கோயில் வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தாள் அக்னஸ். சவரியம்மா பக்கத்தில் வந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

"ஏன் அக்னஸ், ஒம் பொண்ணு நன்மை வாங்கி எத்தன மாசமாச்சு, தெரியுமா ஒனக்கு?"

"என்னக்கா சொல்றீங்க? இன்னிக்கிகூட வந்தாளே கோயிலுக்கு."

"கோயிலுக்கு வந்தா. நன்மைக்கு வந்தாளா? எல்லாரும் எந்திரிச்சுப் போறாங்க, அவ மட்டும் கடைசி பெஞ்சுல புடிச்சு வச்ச மாதிரி ஒக்காந்திருக்கா. நீ முன்னாடி மரியாயின் சேனைக்காரங்களோட ஒக்காந்துக்கற, ஒனக்கு எங்க தெரியப்போவுது? நான் ஒண்ணும் தப்பா சொல்லலம்மா. வயசுப் பொண்ணு. ஒங் காதுல போட்டு வைக்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். அக்னஸுக்கு ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பைத் தேடவே தோன்றவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், வாய்க்காலுக்கு இந்தக் கரை முழுக்க வேதக்காரர்கள் இருக்கும் ஊர் சூசையப்பர்பட்டி. பூசையில் எல்லோரும் எழுந்து வரிசையாகப் போய், சாமியார் நாக்கில் வைக்கும் அப்பமான நன்மையை வாங்கும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். மனசில் பாவம் இருக்கிறது. அதுவும் சாவான பாவம். ராத்திரி குடித்துவிட்டு வந்த ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பதினேழு வயசுப் பெண் உட்கார்ந்திருந்தாலோ, ஊர் வேறு எந்தப் பாவத்தையும் யோசிக்காது. சரி, ஊர்தான் அப்படி. பெற்றவளாவது வேறு மாதிரி யோசித்திருக்கலாம். அவளும் யோசிக்கவில்லை. எவன் அவன், எந்தத் தெரு, என்ன சாதி என்று வீடு போய்ச் சேருவதற்குள் அக்னஸ் மனசுக்குள் ஒரு பையனையே உருவாக்கி, அவனுக்கு மீசையும் பைக்கும் கொடுத்துவிட்டாள்.

ஜூலியட் அப்போது ப்ளஸ் டூ. கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை இழுத்து மூடியபோது ஒன்பதாவது. பத்தாவதைப் போனிலேயே படித்து, பரீட்சை எழுதாமலே பாஸாகி, பதினொன்றாவதுக்குத் திருக்காட்டுப்பள்ளியில் வேறு பள்ளிக்கூடம் சேர்ந்தாள். "எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் வேணும், பழைய ஸ்கூல்ல அது இல்ல" என்று ஒற்றைக் காலில் நின்றாள். சேர்த்துவிட்டார்கள்.

ஜூலியட்டின் மாஸ்க்கைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஊர் அடங்கிக் கிடந்த நாளில் மகளிர் குழு மூலமாக வந்த ஆர்டருக்கு ஆயிரக்கணக்கில் மாஸ்க் தைத்தவள் அக்னஸ். ஓரம் மடிக்க, எலாஸ்டிக் கோக்க எல்லாவற்றுக்கும் ஜூலியட்தான் கூட உட்கார்ந்தாள். புருஷன் ஆசீர்வாதத்தின் குறுவை நெல் கைவிட்ட அந்த வருஷம் வீட்டில் உலை கொதித்தது அந்தத் துணித் துண்டுகளால்தான். இப்போது, இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில், ஊரே மாஸ்க்கைக் கழற்றிக் கடாசிவிட்டது. ஜூலியட் மட்டும் கழற்றவில்லை, வீட்டுக்குள்ளும்கூட. மெரூன் யூனிபாரத்துக்கு மெரூன், ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளை. கேட்டால், "அப்பாவுக்குத் திரும்ப வந்துடக் கூடாதும்மா" என்பாள். இரண்டாவது அலையில் ஆசீர்வாதம் பதினோரு நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்து வந்தவர். அதற்கு மேல் என்ன பேச முடியும்? சொல்லப்போனால் அக்னஸுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அப்பன் மேல் எவ்வளவு பாசம் பார் என்று.

அப்பா படுத்திருந்த நாளில் ஆளுக்கொரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர் எழுந்து வயலுக்குப் போக ஆரம்பித்த பிறகும் ஜூலியட் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படிக்கிற பிள்ளை, போனால் போகிறது என்று அதையும் விட்டுவிட்டார்கள். இப்படி விட்டுவிட்டு விட்டுவிட்டுத்தான் எல்லாம் ஆனது.

சவரியம்மா சொன்னதற்கு மறுநாள், ஜூலியட் குளிக்கப் போன நேரம் பார்த்து அக்னஸ் அவளுடைய பையைக் கொட்டினாள். நோட்டுகளை உதறினாள், பாக்கெட்டைத் துழாவினாள். கடிதம், கிரீட்டிங் கார்டு, போன் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு ஏதாவது அகப்படும் என்று கைவிட்டவளுக்குக் கிடைத்தது துவைத்து மடித்த ஆறு மாஸ்க். அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் வழக்கம்போல வழித்துக் கழுவி இருந்தது.

"ஏண்டி, அது புள்ளடி" என்றார் ஆசீர்வாதம். "களைக்கு ஆளு கெடைக்காம நானே திண்டாடிக்கிட்டிருக்கேன், நீ வேற."

"புள்ளதான். புள்ளைங்கதான் ஏமாந்துபோவுங்க. நீங்க களையவே பாருங்க."

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிப் போனாள். ஃபாதர் ரெமிஜியஸ் உட்கார்ந்திருந்த கூண்டுக்கு முன்னால் ஜூலியட் முழங்காலில் நின்றது மூன்று நிமிஷம்கூட இருக்காது. எழுந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. மாஸ்க்குக்கு மேலே தெரிவது அது ஒன்றுதான்.

போகட்டும், பாவம் கரைந்தது, நாளைக்கு வாங்கிவிடுவாள் என்று அக்னஸ் நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் பூசையில் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வரிசை போனது, வந்தது. ஜூலியட் எழுந்திருக்கவில்லை.

பாவசங்கீர்த்தனம் செய்தும் நன்மை வாங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? சாமியாரே மன்னிப்புக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். சாமியாரே மன்னிக்காத பாவம் என்றால் அது எவ்வளவு பெரிசு? மாதாவே, முழுகாமல் இருக்கிறாளோ? மீசையும் பைக்கும் வைத்த அந்தப் பையன் இப்போது அக்னஸின் தலைக்குள் நடுக்கூடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டான்.

பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஃபாதரிடம் ஓடினாள். "சாமி, எம் பொண்ணு ஒங்ககிட்ட என்ன சொன்னா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்னஸ், பாவசங்கீர்த்தனத்துல கேட்டது இந்தக் காதோட போயிடும். நீங்க கேக்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது. ஒங்க பொண்ணுதானே, அவளையே கேளுங்க."

அவளையே கேட்கிற ஒன்றை மட்டும் அக்னஸ் செய்யவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அதற்குப் பதில் போலீஸ் வேலையில் இறங்கினாள். ப்ளஸ் ஒன் ஹால் டிக்கெட்டுக்கு ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் இரண்டு காப்பி மிச்சம் இருந்தது. ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, துணி எடுக்கப் போவதாகச் சொல்லி, புதன்கிழமை மத்தியானம் திருக்காட்டுப்பள்ளிக்குப் போய் இறங்கினாள்.

முதலில் மகள் தினமும் போய்வரும் மினி பஸ். கண்டக்டர் அப்சர், வந்து இரண்டு மாசம் ஆன பையன், போட்டோவை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தான்.

"இந்தப் பொண்ணு யாரு கூடயாவது பேசிக்கிட்டு வர்றத பாத்திருக்கியா தம்பி?"

"இந்தப் பொண்ணு நம்ம வண்டியில வர்றதே இல்லையேக்கா."

"நல்லா பாருப்பா. காலையில ஏழரைக்கு, சூசையப்பர்பட்டி ஸ்டாப்பிங்."

"ஏழரை வண்டியில வர்ற அத்தன மூஞ்சியும் எனக்குத் தெரியும்க்கா. இது இல்ல."

அப்படியென்றால் பஸ்ஸிலேயே ஏறுவதில்லை. பஸ்ஸில் ஏறாமல் எப்படிப் போகிறாள்? பைக்கில்தான். மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பூக்கடை மறைவில் ஒதுங்கி நின்றாள். நாலரை மணிக்கு யூனிபாரம் போட்ட கூட்டம் வந்தது. அதில் மெரூன் மாஸ்க்கோடு ஜூலியட் வந்தாள். பொறுப்பாக வரிசையில் நின்று அதே மினி பஸ்ஸில் ஏறி, அப்சரிடமே டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். அக்னஸுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

அதே கூட்டத்தில் நின்ற குந்தவையின் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. ஜூலியட்டோடு ஒரே பெஞ்சில் ஒரு வருஷமாக உட்காரும் பெண். அவளுக்கு அக்னஸ் ஒரு சுடிதார்கூடத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"ஆன்ட்டி! நீங்க எங்க இங்க? ஜூலியட் இப்பத்தான் போறா."

"தெரியும் தங்கம். ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும், மறைக்காம சொல்லு." அக்னஸ் போட்டோவை நீட்டினாள். "இவ யாரு கூடவாவது..."

"யாரு ஆன்ட்டி இது?"

"வெளயாடாத."

"நெசமா தெரியல ஆன்ட்டி. ஒங்க சாடையா இருக்காங்க. ஜூலியட்டோட அக்காவா?"

அக்னஸ் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். கேலி இல்லை, கள்ளம் இல்லை. "ஜூலியட்டுக்கு அக்கா ஏதும்மா?"

குந்தவை போட்டோவைக் கையில் வாங்கினாள். மூக்குக்குக் கீழே பாதி முகத்தைத் தன் கட்டைவிரலால் மூடிப் பார்த்தாள்.

"அய்யோ, ஆமா ஆன்ட்டி. இவதான்" என்றாள். விரலை எடுத்து மறுபடி பார்த்தாள். "இப்புடித்தான் இருப்பாளா?"

பூக்கடைக்காரி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அக்னஸின் புடவையில் நனைந்தது. அவளுக்கு உறைக்கவில்லை.

"சாப்புடறப்ப? சாப்புடறப்ப கழட்டித்தான் ஆவணும்?"

"அவதான் மத்தியானம் சாப்புட மாட்டாளே ஆன்ட்டி. ஒங்க வேதத்துல அது என்னமோ ஒருசந்தியாமே, தெனமும் விரதம்னு சொன்னா. தண்ணிகூட குடிக்கக் கூடாதாமே? டிபன நாங்கதான் பங்கு போட்டுக்குவோம். ஒங்க எலுமிச்ச சாதம் சூப்பரா இருக்கும் ஆன்ட்டி." கொஞ்சம் தயங்கி, "அவ்ளோ நாளாவா ஆன்ட்டி விரதம் இருப்பீங்க? ரெண்டு தடவ அவளுக்குக் கண்ணு இருட்டி பெஞ்சுலயே சாஞ்சுட்டா. மிஸ்கிட்ட சொல்லாதேன்னு கையப் புடிச்சுக்கிட்டா" என்றாள்.

வருஷம் பூரா ஒருசந்தி இருக்கச் சொல்லி எந்த வேதத்திலும் இல்லை. அக்னஸ் அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லை. போட்டோவை வாங்கிப் பர்ஸில் வைத்தாள். காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்திருக்கிறாள் என் பிள்ளை, நானோ அவள் பையில் காதல் கடிதம் தேடியிருக்கிறேன். அடி பாவி அக்னஸ், பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியவள் நீதானடி என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டில் ஜூலியட் அறையில் இருந்தாள். அக்னஸ் கதவைத் தட்டினாள். இத்தனை நாளும் தள்ளித் திறந்தே பழக்கம். உள்ளேயிருந்து சரசரவென்று சத்தம் வந்தது; மாஸ்க்கை மாட்டுகிற சத்தம் என்று இப்போது புரிந்தது.

பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. அதுவே ஜூலியட்டைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"குந்தவையப் பாத்தேன்" என்றாள் அக்னஸ். "ஏம்மா இப்புடி? என்ன ஆச்சு ஒனக்கு?"

வெளியே ஆசீர்வாதம் மண்வெட்டியைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு ஜூலியட் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கிளாஸ் நடந்துச்சுல்ல, ஒன் போன்ல. கேமரா ஆஃப்ல இருக்குன்னு நெனச்சு இட்லி தின்னுக்கிட்டிருந்தேன். ஆன்லதான் இருந்திருக்கு. எவனோ போட்டோ எடுத்துட்டான்."

வாய் நிறைய இட்லி, பல் வெளியே, கன்னம் உப்பி. அதைக் கத்தரித்து, கீழே "பசிக்குதுங்க மிஸ்" என்று எழுதி, ஸ்டிக்கராக்கி, அம்மாவின் போனிலேயே இருந்த வகுப்புக் குரூப்பில் விட்டார்கள். நாற்பது பேரும் போட்டார்கள். மிஸ் பாடம் போட்டால் அதற்கு அடியிலும் போட்டார்கள். நடுவில் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் திறந்தபோது, அவள் உள்ளே நுழைந்ததும் பின் பெஞ்சிலிருந்து அதே வாக்கியத்தைப் பாட்டாகவே பாடினார்கள். அதற்கப்புறம் கண்ணாடியில் வாயைப் பார்த்தாலே அவளுக்கு அந்த ஸ்டிக்கர்தான் தெரிந்தது. யார் எதிரிலாவது வாயைத் திறந்தால் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. கம்ப்யூட்டர் சயின்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. முகம் தெரியாத ஊருக்கு ஓடினாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடா? அந்தப் பயலுவள நான் சும்மா விட்டிருப்பேனா?"

ஜூலியட் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும்தானேம்மா அனுப்புன."

அக்னஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்து போய்ப் போனை எடுத்தாள். அக்கா தங்கைகள், கொழுந்தன்மார் எல்லாம் இருக்கும் குடும்பக் குரூப். அதில் மத்தியானமானால் பெரியக்கா "சாப்டாச்சா?" என்று கேட்பாள். அதற்கு அக்னஸ் பதிலாகப் போட்டிருந்தது அந்த ஸ்டிக்கர். மகள்தான் விளையாட்டாகச் செய்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, எவ்வளவு அழகாக இருக்கிறாள் என் தங்கம் என்று மனசு குளிர்ந்து, மாசக்கணக்கில் போட்டிருந்தாள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பெரியக்கா சிரித்திருக்கிறாள், கொழுந்தன் சிரித்திருக்கிறான். தீபாவளிக்குக்கூட ஒன்று போயிருந்தது.

அக்னஸ் அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். ஆசீர்வாதம் ஈரக் கையோடு ஓடி வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, போனில் குடும்பக் குரூப்பைத் திறந்து குரல் பதிவு செய்தாள். "இனிமே எம் பொண்ணோட அந்த ஸ்டிக்கர எவராவது போட்டீங்கன்னா என் வாசப்படி மிதிக்காதீங்க. மொதல்ல போட்டது நான்தான். எனக்குப் புத்தியில்ல. ஒங்களுக்காவது இருக்கட்டும்."

மாஸ்க்கைக் கழற்று என்று மட்டும் அவள் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருக்கிறார்களாம், மாதா திருநாள் முடிந்ததும் போகலாமா என்று கேட்டாள். ஜூலியட் தலையை ஆட்டினாள். மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸோடு ஒரு ஸ்ட்ராவும் தண்ணீர் பாட்டிலும் போனது. மாஸ்க்குக்கு அடியில் ஸ்ட்ராவை விட்டாவது குடிக்கட்டும் என்று. பாட்டில் முதல் நாள் அப்படியே வந்தது. மூன்றாம் நாள் பாதி குறைந்து வந்தது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா விண்ணேற்புத் திருநாள். கொள்ளிடத்தில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து கோயிலை நிறைத்துவிட்டார்கள். நன்மை வாங்கும் நாளில் பூசைக்கு முன்னால் இந்த ஊரில் யாரும் வாயில் எதுவும் போடுவதில்லை. ஜூலியட்டும் வெறும் வயிற்றோடுதான் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அக்னஸ் முன்வரிசைக்குப் போகவில்லை. மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நன்மை நேரம் வந்தது. பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். இவர்கள் பெஞ்சில் இருந்த மற்றவர்கள் இவர்கள் இருவரின் முழங்காலையும் உரசிக்கொண்டு, ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு வெளியேறினார்கள். வரிசையில் போன சவரியம்மா கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தாள். மரியாயின் சேனைக்காரி, ஒரு ஞாயிறு தவறாதவள், நாற்பத்திரண்டு வயசில் மகளோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இனி ஒரு வாரத்துக்கு ஊருக்கு இதுதான் பேச்சு.

"நீ போம்மா" என்றாள் ஜூலியட் மெதுவாக. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ போறன்னிக்கி நானும் போறேன்."

"நான் எப்பப் போவேன்னு எனக்கே தெரியாதும்மா."

"தெரியறப்ப சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பாட்டுக் குழு ஸ்பீக்கர் அதிரப் பாடிக்கொண்டிருந்தது. ஜூலியட் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. அக்னஸ் தலையைச் சாய்த்தாள். பக்கத்தில் எலாஸ்டிக் விலகும் சத்தம். கடைக்கண்ணில் தெரிந்தது: வெள்ளை மாஸ்க் தாடைக்கு இறங்கியிருந்தது.

"பசிக்குதும்மா" என்றாள் ஜூலியட்.

அக்னஸ் திரும்பவில்லை. திரும்பினால் மறுபடி ஏறிவிடும் என்று பயந்து, பீடத்து மாதாவையே பார்த்துக்கொண்டு எழுந்தாள். "வா, தோச ஊத்தித் தர்றேன்" என்றாள். நன்மை வாங்கித் திரும்பிய வரிசைக்கு எதிராக இரண்டு பேரும் நடந்தார்கள். கோயில் படி இறங்கும்போது ஜூலியட் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டாள். அக்னஸ் அதையும் பார்க்காத மாதிரி நடந்தாள்.

அடுப்படியில் கல் காய்ந்தது. ஜூலியட் தட்டோடு அறைக்குள் போகாமல் அம்மாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். அக்னஸ் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் தோசையை எடுத்து எடுத்துப் பின்பக்கமாகக் கையை நீட்டினாள். தட்டில் விழுந்தது, தீர்ந்தது, மறுபடி நீட்டினாள். மெல்லுகிற சத்தம் கேட்டது. எத்தனை மாசம் ஆயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு! ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன என்று உயிர் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆறாவது தோசையைப் பின்னால் நீட்டினாள்.

தட்டு வரவில்லை. ஜூலியட்டின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"நீ பாக்கலாம்மா" என்றாள்.